கரியில் எழுதிய ஐந்து சில்லுகள்

எங்கள் வீட்டில் இதுவரை ஒரே ஒரு தேர்தல்தான் நடந்திருக்கிறது. நடத்தியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வாரம்தான் டீச்சர், பழைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒருவனால் ஊருக்குத் தொந்தரவு என்று தோன்றினால், அந்த ஊர்க்காரர்கள் உடைந்த பானைச் சில்லில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்களாம். யார் பெயர் அதிகமாக விழுகிறதோ அவன் பத்து வருடம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. எனக்கு மட்டும் அத்தனை சில்லுக்கு எங்கே போனார்கள் என்றுதான் கவலை.

எனக்கான சில்லு அம்மன் கோயில் பொங்காலையன்று கிடைத்தது. திருவனந்தபுரத்தில் அன்று தெருவெல்லாம் அடுப்புதான். அம்மாவும் அத்தையும் சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் பாத்திரக் கடை வாசலில் மூன்று செங்கல்லை அடுக்கிப் பொங்கினார்கள். பொங்கிய பானையைக் கிழக்கேகோட்டையில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குத் தூக்கிவருவது சித்தப்பாவின் பொறுப்பு.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை. சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோவார். வழியெல்லாம் வாய்ப்பாட்டை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவார், நான் திருத்தத் திருத்த, "ஓ, அங்ஙனயா?" என்று ஆச்சரியப்படுவார். உலகத்திலேயே கணக்கு வராத ஒரே பெரியவர் அவர்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று எதிர்த் துணிக்கடையில் வேலை பார்க்கும், பக்கத்துக் கடலோர ஊரான விழிஞ்ஞத்து அக்கா, பொங்கல் வைக்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. பானையைத் தூக்கிய சித்தப்பா அந்தப் பக்கம் பார்த்தார். அவள் சிரித்தாள். பானை விழுந்தது.

அம்மா, "என்ட தெய்வமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு அந்த அக்காவைப் பார்த்தார். நான் சந்தோஷமாகச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு சில்லும் அடுப்புக்கரித் துண்டும் எடுத்துவைத்துச் சட்டத்தை விளக்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள். அத்தைக்கு எழுதத் தெரியாது. அவள் சில்லைத் தன் தம்பியான சித்தப்பாவிடமே நீட்டினாள்.

"ஏலே, உன் பேரையே எழுதிக் குடு. எம்புட்டு ஆசையா வச்ச பொங்கல்லா அது!"

சித்தப்பா மறுபேச்சில்லாமல் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். கிரேக்கத்திலும் எழுதத் தெரியாத ஒருவனுக்காக ஒரு பெரிய மனிதர் இப்படித் தம் பெயரையே எழுதிக் கொடுத்த கதை உண்டு என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அப்பா என் விளையாட்டு எதிலும் சேர்ந்ததே இல்லை. அன்று தாமாகவே கை நீட்டிச் சில்லை வாங்கி, திரும்பி உட்கார்ந்து எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவே விளையாடுகிறாரே! தேர்தல் என்றால் யாராவது ஜெயிக்க வேண்டும் அல்லவா, நானும் சித்தப்பா பெயரையே எழுதினேன்.

எண்ணினேன். நாலு சில்லில் சித்தப்பா. அவருடைய சில்லில் ஒன்றுமே இல்லை. செல்லாத ஓட்டு என்று அவரைத் திட்டிவிட்டு, கைதட்டித் தீர்ப்பை வாசித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷம் கழிஞ்சா வரலாம்லா, மோளே?"

"வரலாம். அதுவரைக்கும் வீடு, நிலம் எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் எடுக்கக் கூடாது. டீச்சர் சொன்னாங்க."

"கேட்டியளா அண்ணே?" என்றார் சித்தப்பா. அப்பா எழுந்து கரிக் கையைக் கழுவப் போனார்.

நாலாம் நாள் சித்தப்பா இல்லை. வேலைக்கு வெளியூர் போயிருக்கிறான் என்றார்கள். நான்தான் அனுப்பினேன் என்று எனக்குத் தெரியும். சில்லுகளையெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கரிதானே, போய்விட்டது. சித்தப்பா வரவில்லை. பள்ளிக்கு நடந்தே போனேன். வழியில் தப்பு வாய்ப்பாட்டை நானே சொல்லி நானே திருத்திப் பார்த்தேன், நன்றாக இல்லை.

வெளியூர் என்றால் கடல் தாண்டி என்று நினைத்திருந்தேன். பதினைந்து வயதில்தான் தெரிந்தது, அவர் விழிஞ்ஞத்தில் அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார் என்று. அதற்குள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் போய்விட்டிருந்தது. சட்டம் சட்டம்தான் என்று நானும் பத்து வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்து ஒருவரை விரலால் தட்டி வெளியேற்றுகிறார்கள். எத்தனை வருடத்துக்கு என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கிரேக்கர்களுக்குக் கோபத்திலும் ஒரு தவணை வைக்கத் தெரிந்திருந்தது. ஊருக்கு ஆபத்து வந்தபோது, தவணைக்கு முன்பே ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டும் இருக்கிறார்கள்.

பத்தாவது பொங்காலையன்று அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, "உன் கிரேக்கக் கணக்குல வருஷம் முடிஞ்சாச்சா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "விழிஞ்ஞத்துக்கு பஸ்ல எவ்வளவு நேரம்?" என்றார்.

நாற்பது வருடம் இந்த ஊரில் கடை நடத்தியவர். அவருக்குத் தெரியாதா? "ஒரு மணி நேரம்கூட ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு நான் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டேன். பத்து வயதில் அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். இருபது வயதில் பஸ் நேரம் கேட்கிறார் என்று நினைத்தேன்.