மூன்று ஊசியும் என் படகும்

என் மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். கர்ப்பிணி கிளினிக்கில் எல்லாருக்கும் எடுக்கிற இரத்தத்தைத்தான் அவளுக்கும் எடுத்தார்கள். அடுத்த முறை போய்வந்தவள் கதிரையில் இருந்தபடி ஒரு கடிதத்தை நீட்டினாள். தாய் இல்லாத பிள்ளை. என்னிடம்தான் காட்ட வேண்டியிருந்தது.

"அப்பா, எனக்கு சிபிலிசாம். அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

நான் ஏழாம் வகுப்பு படித்தவன். அந்தப் பெயர் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கேட்டுக்கொண்டபடியால் டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அது உடலுறவால் தொற்றுகிற நோய். கிழமைக்கு ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி போட வேண்டும். மருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். போடாவிட்டால் பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போகலாம்.

"புருஷனும் போட வேணும், ஐயா. இல்லாட்டில் இவவுக்குத் திரும்பவும் தொற்றும்" என்றார்.

மருமகன் என் வீட்டில்தான் சாப்பிட்டான், என் படகில்தான் தொழிலுக்கு வந்தான். கடிதத்தைக் காட்டினேன்.

"எனக்கு ஒண்டுமில்லை, மாமா. கலியாணத்துக்கு முந்தி ஒரு புண் வந்தது. பாமசியில கப்சூல் வாங்கிப் போட்டனான். ஆறிப்போச்சு."

"புண் ஆறினா நோயும் போச்செண்டு ஆர் சொன்னது?"

"கிளினிக்குக்குப் போனா ஊர் கதைக்கும். நான் போகமாட்டன்."

ஊராம்! என் பிள்ளை இடுப்பில் ஊசி வாங்கி நொண்டி நொண்டி வந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் படுக்கிறாள். இவனுக்கு ஊர் பெரிதாகப் போயிற்று. அன்று செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணியையும் அவன் குரல்வளையாக நினைத்துத்தான் உருட்டினேன். மாதாவுக்குத் தெரியும்.

விடிய, எங்கள் ஊரான கீரியின் கடற்கரையில் அவன் படகில் ஏற வந்தான். நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினேன்.

"கிளினிக்கில ஊசி போட்ட துண்டுச் சீட்டைக் காட்டிப்போட்டு ஏறு" என்று காதுக்குள் சொன்னேன்.

துடுப்பால் அடித்திருப்பேன். அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள், கதை என் மகளின் தலையில் வந்து விழும். அதனால், "மருமோனுக்கு உடம்பு ஏலாது" என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். மாமன் இறக்கிவிட்டவனை எங்கள் கரையில் வேறு எவரும் ஏற்றமாட்டார்கள். ஐந்து நாள் மணலில் குந்திக்கொண்டு நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்தான். ஆறாம் நாள் துண்டோடு வந்தான்.

பென்சிலின் ஊசி நல்லாக வலிக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். அன்று வலையில் நிறைய நண்டு. படகின் குறுக்குப் பலகையைக் காட்டி, "இதில குந்தி இருந்து நண்டைக் கழட்டு" என்றேன். ஒரு பக்கம் சாய்ந்து இருந்தான். பிறகு மற்றப் பக்கம்.

"என்ன மருமோன், ஒழுங்கா இருக்க ஏலாதோ? மூலமோ?" என்றான் கூட வந்தவன்.

"ஓம், மூலந்தான்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. மூன்று கிழமையும் அதே பலகைதான்.

பழிவாங்குவது கடவுளின் வேலை என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செய்ததுக்கு மனம் வருந்துறியளோ? மனஸ்தாபம் இருக்கோ?" என்று பங்குச் சுவாமி கேட்டார்.

"இல்லை, சுவாமி."

"அப்ப, இருக்கேக்க வாங்கோ" என்றார்.

பேத்தி பிறந்தாள். அவளுடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். நோய் இல்லை. கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் அவள் கத்திய கத்தலில் நான் அழுதேன்.

இப்போதும் மருமகன் இரத்தம் சோதிக்கப் போகவேண்டிய நாட்களில், துண்டைக் காட்டின பிறகுதான் படகில் ஏறுகிறான். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், பிள்ளையைத் தோளில் போட்டபடி என் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறான். நான் பேத்தியின் காலைத் தொட்டு, அவளுக்கு மட்டும் சமாதானம் சொல்லிவிட்டுப் பீடத்தைப் பார்க்கிறேன்.