திரும்பி வரும் தேதி

அவருக்கு ஆறுமாசம் என்று பெயர் வைத்தது முதலாளிதான். டிராவல்ஸ் ஆபீசின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும், உட்காருங்க என்று சொல்வதற்கு முன்னால் அவர் கேட்பது, "பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இருக்கா?" என்பதுதான். காலாவதிக்கு ஆறு மாதம்கூடப் பாக்கியில்லாத பாஸ்போர்ட்டை நீட்டுகிறவனைப் பார்த்தால், சட்டை போட மறந்து வெளியே வந்துவிட்டவனைப் பார்ப்பது போல அவருக்கே கூச்சமாக இருக்கும். நாளடைவில் வாடிக்கையாளர்களே "ஆறுமாசம் சார் இருக்காரா?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். அவரும் அதற்கு "இருக்கேன்" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் அந்த ஆபீஸ். இரண்டு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், போட்டோ எடுக்க ஒரு வெள்ளைத்துணி, ஆணியில் தொங்கும் ஒரு கறுப்புக் கோட்டு. போட்டோவுக்கு நிற்கிற எல்லா ஆண்களுக்கும் அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியானவருக்குப் பின்னால் கிளிப் போடுவார், குண்டானவருக்குப் பொத்தானைத் திறந்துவிட்டு ஃபைலை மார்போடு பிடிக்கச் சொல்வார். உலகத்தின் பாதி விமான நிலையங்களுக்கு அந்தக் கோட்டின் படம் போயிருக்கிறது. கோட்டை மாட்டிவிட்டவர் மட்டும் ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. தன்னுடைய பாஸ்போர்ட்டை மட்டும் தேதி தவறாமல் புதுப்பித்து டிராயரில் வைத்திருந்தார், ஒரு முத்திரையும் விழாத கன்னிப் பாஸ்போர்ட்.

கரீபியன் தீவுகள் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்தத் தீவுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம், எங்கே முப்பது நாள், எங்கே தொண்ணூறு நாள், எந்த நாட்டு வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள், ஊசி போட்டு எத்தனை நாளில் அந்த அட்டை செல்லுபடியாகும், எல்லாம் அத்துப்படி. "விசா வேண்டாம்னா ஒண்ணுமே வேண்டாம்னு அர்த்தம் இல்லீங்க" என்பது அவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லும் வசனம். தங்குமிடத்துக்குச் சான்று வேண்டும், புறப்படுவதற்கு முன்னால் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் திரும்பி வரும் டிக்கெட் வேண்டும். அது இல்லாதவனை எந்தத் தீவும் வாசலைத் தாண்ட விடாது.

அந்தத் திரும்பும் டிக்கெட்டில்தான் தொழிலின் சூட்சுமம் இருந்தது. எப்போது திரும்புவோம் என்று தெரியாதவர்களுக்கு ஆபீசில் டம்மி டிக்கெட் போட்டுத் தருவார்கள். விமானக் கம்பெனி ஒரு இருக்கையைப் பணம் வாங்காமலேயே நாற்பத்தெட்டு மணி நேரம் பிடித்து வைக்கும். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் அசல் டிக்கெட் போலவே இருக்கும். வாசலில் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டால், அதன் பிறகு இருக்கை தானாக ரத்தாவதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? "நாப்பத்தெட்டு மணி நேரம், ஞாபகம் வெச்சுக்குங்க, அதுக்கு மேல இது வெறும் பேப்பர்" என்று ஆறுமாசம் ஒவ்வொருவருக்கும் விரலை ஆட்டிச் சொல்வார். இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆள்கூட மாட்டிக்கொண்டதில்லை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது என்று சொன்னால் பாதி சரி. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே சொந்தம் தங்கைதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது இவருக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பத்து. தலைபின்னிவிடத் தெரியாமல் அவளுக்கு முடியைக் கட்டையாக வெட்டிவிட்டவர் இவர். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டது, நர்ஸ் படிப்புக்கு ஃபாரம் நிரப்பியது, கடைசியில் எட்டு வருடத்துக்கு முன்னால் கரீபியன் தீவு ஒன்றின் ஆஸ்பத்திரி வேலைக்கு அவளை அனுப்பியது, எல்லாம் இவர் கைதான். அவளுக்கு நாற்பது வயதான பிறகும் அவர் வாயில் அவள் பாப்பாதான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவருக்குப் போன் வந்தது. பாப்பா அல்ல.

"அண்ணே, நான் உங்க தங்கச்சி கூட வேலை செய்யறவ பேசறேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. இனிமே என்னால மறைக்க முடியாது."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"கணையத்துல கட்டிண்ணே. முத்திப்போச்சு. டாக்டர் நாள் கணக்குலதான் பேசறாரு."

"இங்க கூட்டிட்டு வந்துடலாமே? நான் ஏற்பாடு பண்றேன். ஸ்ட்ரெச்சர் வெச்சுக் கூட்டிட்டு வர வழி இருக்கும்மா."

"விமானத்துல ஏத்தற நிலைமையில அவ இல்லண்ணே. நீங்க வந்தா முகத்தையாவது பார்க்கலாம்."

பிறகு போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "வராதேன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன்" என்றாள் பாப்பா. "வாயேண்ணே."

அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலாளிதான் போகிற டிக்கெட்டைப் போட்டார். மறுநாள் காலை புறப்பாடு, நடுவில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும், நம் ஊர் நேரப்படி புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தீவில் இறங்கிவிடலாம். நடு ஊரில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் இருபத்து நான்கு மணி நேரம் வரை இருக்க விசா தேவையில்லை. தங்குமிடத்துக்கு, போனில் பேசிய அந்தத் தோழியின் கடிதம் வந்துவிட்டது. வருகைப் படிவத்தை அவரே நிரப்பினார். இன்னொருவர் படிவத்தை நிரப்புவது போலவே, பெரிய எழுத்தில், பிழையில்லாமல்.

"திரும்பறது என்னைக்குய்யா போடட்டும்?" என்று முதலாளி கேட்டார்.

ஆறுமாசம் கம்ப்யூட்டரில் தெரிந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது அவள் சாவுக்கு அவர் குறிக்கும் நாள் ஆகிவிடும். இந்த வாரம் போட்டால் இந்த வாரமே போய்விடு என்று சொன்ன மாதிரி. அடுத்த மாதம் போட்டால், அதுவரைக்கும் நீ வலியில் கிட என்று சொன்ன மாதிரி. ஊருக்கெல்லாம் தேதி குறித்துக் கொடுத்த மனிதருக்கு அன்றைக்கு ஒரு தேதி சொல்ல நாக்கு வரவில்லை. இதுதான் நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி.

"டம்மியே போட்டுடறேன் முதலாளி. நம்ம வழக்கம்தானே" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அவரே அதைப் போட்டு, அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை நான்கு மணிவரை அது உயிரோடு இருக்கும். அதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே அவர் தீவில் இருப்பார்.

முதல் விமானப் பயணத்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. நடு ஊரில் இறங்கி, இரண்டாவது விமானத்துக்கான வாசலில் போய் உட்கார்ந்தபோது பலகையில் அறிவிப்பு மாறியது. தீவின் மேல் புயல், விமானம் தாமதம். இரண்டு மணி நேரம் என்றார்கள், பிறகு ஐந்து என்றார்கள், கடைசியில், நம் ஊர் நேரத்துக்குப் புதன்கிழமை இரவு எட்டு மணி என்றார்கள். அந்த நேரமெல்லாம் அவர் என்ன செய்தார் என்றால், அரைமணிக்கு ஒரு தடவை தோழிக்கு "எப்படி இருக்கா?" என்று எழுதினார். "தூங்கறா" என்று பதில் வரும். கொஞ்சம் தெம்பு வரும். மறுபடி பயம் வரும். மணி நான்கானது, ஐந்தானது. மற்றவர்களுக்கு விரலை ஆட்டிச் சொன்ன அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் அவர் மண்டையில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வருகிறது. நாள் முழுக்கச் சும்மாதானே உட்கார்ந்திருந்தீர், இன்னொரு டம்மி போடச் சொல்லி ஆபீசுக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

ஏழு மணிக்கு வரிசை நகர்ந்தது. வாசலில் நின்ற இளைஞன் மரியாதையானவன்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், திரும்பும் டிக்கெட்டை வாங்கி அதிலிருந்த எண்ணைத் தட்டினான். மறுபடி தட்டினான். இப்படி ஒரு பதிவே இல்லையே ஐயா என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்தக் கணத்தில்தான் ஆறுமாசத்துக்கு மணி ஞாபகம் வந்தது.

தங்கை சாகக் கிடக்கிறாள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவன் முகம் வாடியது. ஆனால் திரும்பும் டிக்கெட் இல்லாதவரை ஏற்றிப்போனால் தீவுக்காரர்கள் அதே விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள், கம்பெனிக்கு அபராதமும் போடுவார்கள், இப்போதே ஒரு டிக்கெட் வாங்கிக் காட்டினால் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். விதியை அவன் சரியாகவே சொன்னான். இவரே ஆயிரம் பேருக்குச் சொன்ன விதி.

ஓரமாக நின்று போனில் டிக்கெட் வாங்கப் பார்த்தார். வங்கி அனுப்பும் ரகசிய எண், ஊரைத் தாண்டினால் வேலை செய்யாத அவருடைய சிம்முக்குப் போனது. விமான நிலைய வைஃபையில் முதலாளியைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"முதலாளி, டம்மி செத்துப்போச்சு. அசல் டிக்கெட் ஒண்ணு உடனே போடுங்க. வாசலை மூடப்போறாங்க."

"அடப்பாவி! இரு, இரு, திறந்துட்டேன். தேதி சொல்லு."

ஆறுமாசம் வாயைத் திறந்தார். கதவைப் பார்த்தார்.

"யோவ், தேதி சொல்லுய்யா!"

"நீங்களே... நீங்களே பார்த்துப் போடுங்க."

"நான் எப்படிய்யா போடுவேன்? அவ உன் தங்கச்சி. ஏதாவது ஒரு தேதி சொல்லித் தொலை!"

அவர் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பின்னால் கடைசியாக நின்ற குடும்பம் உள்ளே போனது. நிமிஷங்கள் போயின. "பத்து நாள் கழிச்சு" என்று சொல்லிவிட்டு அழுதார். டிக்கெட் போனில் வந்து விழுந்தபோது மணி ஏழு ஐம்பத்து மூன்று. கதவை மூடி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. இளைஞன் டிக்கெட்டைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த விமானம் சனிக்கிழமை. அதுவரை அங்கே காத்திருக்க விசா வேண்டும், விசாவுக்கு மனுப்போட ஊரில் இருக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் முடிவதற்குள் அவரை வந்த வழியே விமானத்தில் ஏற்றினார்கள். வியாழக்கிழமை காலை அவர் வானத்தில் இருந்தபோது, போன் அணைந்திருந்தபோது, பாப்பா போய்விட்டாள்.

முந்தின இரவு விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அவர்கள் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவளோடு பேச முடிந்தது. தோழி போனை அவள் காதில் வைத்தாள். சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று பொய் சொல்லத்தான் நினைத்தார். நர்ஸ் வேலை பார்த்தவளிடம் அந்தப் பொய் செல்லாது.

"சனிக்கிழமை வரைக்கும் கஷ்டம்ணே" என்றாள், வார்டில் யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போல. "என்ன ஆச்சு? உனக்குத் தெரியாத ரூலா?"

"திரும்பற டிக்கெட் இல்லைன்னு விடலை பாப்பா. தேதி போடச் சொன்னாங்க. நான் எந்தத் தேதியைப் போடுவேன், சொல்லு. போட முடியலை. அதான் டம்மி எடுத்துட்டு வந்தேன்."

தூங்கிவிட்டாளோ என்று நினைத்து, "பாப்பா?" என்றார்.

"போட்டிருக்கலாமேண்ணே" என்றாள் அவள். "நீ போட்டிருந்தா அந்தத் தேதி வரைக்கும் இருந்திருப்பேன்ல."