இஸ்மாயில் பாயின் முறை

பழவேற்காட்டிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர், பொன்னேரியில் எங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "பாய் மௌத்தாயிட்டாரும்மா. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. பழவேற்காட்டில் எத்தனையோ பாய்மார் உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு ஒரே பாய்தான். டைப் மெஷினில் ஒரு கடிதம் பாதியில் நின்றிருந்தது. அந்த வரியை அடித்து முடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நம் ஊழியர் மலரில் இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு கட்டக் கடன் கொடுக்கும் சின்ன அரசு அலுவலகம் எங்களுடையது. இஸ்மாயில் பாய் அதில் களப் பணியாளர். ஏரிக்குள்ளும் கடலோரத்திலும் இருக்கும் குப்பங்களுக்குத் தோணியில் போய், எந்தக் கடன் யாருக்குக் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லி, மனு வாங்கி வருவது அவர் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்தான் ஓய்வு பெற்றார். நான் டைப்பிஸ்ட். எனக்கு முன்கோபம் அதிகம் என்பது உங்களில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய அந்த மனிதருக்கு அந்தத் திட்டங்கள் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அதை அவர் மறைத்ததும் இல்லை. சுற்றறிக்கை வந்த அன்றைக்கே என் மேஜைக்கு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "ம்மா சரோஜா, இதப் படிச்சு உனக்கு இன்னா புரியுதுன்னு சொல்லு" என்பார். எனக்கு டைப் அடிக்கத்தான் சம்பளம், புரிந்துகொள்வதற்கு இல்லை என்று எரிந்து விழுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "புரியலன்னு சொல்றது அவமானம் இல்லம்மா. புரிஞ்சா மாதிரி தலையாட்டிட்டு கையெழுத்து போடறதுதான் அவமானம்" என்பார். இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

பதினாறு வருஷத்துக்கு முன் வீட்டுக் கடனுக்கு மூன்று வழிகள் இருந்தன. மாதச் சம்பளக்காரர்கள் வீட்டு வசதிச் சங்கத்தில் மனையை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். அதற்கு அரசாங்கம் ஜாமீன் நிற்கும். மீனவர் சங்க உறுப்பினர்களுக்குத் தொகுப்பு வீடு, பாதி கடன் பாதி மானியம். இரண்டிலும் சேராதவர்கள், கையில் பட்டா இருந்தால், எங்கள் அலுவலகத்திலேயே நேரடியாகக் கடன் கேட்கலாம். ஆனால் அரசு சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது இப்படிக் கோர்வையாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இது ஆறு சுற்றறிக்கைகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சிதறிக் கிடந்தது. ஒன்றில் "மனுதாரர்" என்றால் கடன் வாங்குபவர். இன்னொன்றில் அதே சொல்லுக்குச் சங்கம் என்று பொருள். யாருக்குத்தான் தலை சுற்றாது?

பெண்களிடம் பேச ஒரு பெண் போக வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டதால் ஒருமுறை நானும் அவரோடு தோணியில் போனேன். அந்தக் குப்பத்தின் பெயர் வேண்டாம்; பசியாவரத்துக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மழையில் ஏரி ஊருக்குள் புகுந்து பாதிக் குடிசைகள் போயிருந்தன. பாய் மூன்று வழிகளையும் சொல்லி முடித்ததும் ஊர்த் தலைவர் ஏழுமலை எழுந்தார். சர்க்காரே ஜாமீன் நிற்கிறதென்றால், தாங்கள் கட்டாவிட்டால் சர்க்கார் கட்டிவிடும், அப்படித்தானே என்று கேட்டார். கூட்டம் முழுக்கச் சிரிப்பும் சந்தோஷமும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாய் மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்றார்.

அந்த வாரம் சொந்தச் செலவில் மெட்ராஸ் போய், மூன்று அலுவலகங்களில் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வந்தார். மறுபடியும் தோணி ஏறி அவர்களிடம் சொன்னதை என்னிடமும் சொல்லிக் காட்டினார். "ஜாமீன் உனக்கு இல்ல நைனா. உனக்குக் கடன் குடுக்கறவனுக்கு. நீ கட்டலன்னா அவனுக்கு நஷ்டம் வராது. உனக்கு வூடு போயிடும்." இவ்வளவுதான் விஷயம். இந்த நாலு வரியை எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதத் தோன்றவில்லை பாருங்கள், எத்தனை மேதாவிகள்!

அந்தக் குப்பத்தார் தொகுப்பு வீட்டையே கேட்டார்கள். மனுக்கள் வந்தபோது அலுவலகமே சிரித்தது. ஏரியில் அவர்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்; நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காமல் முறை வைத்து மாறி வரும். அதே பழக்கத்தில் வீட்டு மனுவையும் நிரப்பியிருந்தார்கள். மேட்டில் எட்டு வீடு, பள்ளத்தில் இருபத்திரண்டு. மேட்டு வீட்டில் இந்த வருஷம் இன்னார், அடுத்த வருஷம் இன்னார் என்று பதினைந்து வருஷத்துக்குப் பெயர் எழுதிக் கைநாட்டும் வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் மேட்டுக்காரன் மட்டும் தப்பிப்பது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. வீட்டை அடமானம் வைத்தால் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான், நாலு எல்லை எழுதிப் பதிவு செய்தால் பிறகு மாற்ற முடியாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சிரிக்காதவர் பாய் ஒருவர்தான். அதிகாரி முன்னால் நின்று, ஏன் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். அதிகாரிக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் பாயே பத்திரப் பதிவு அலுவலகம் போய்க் கேட்டு வந்து, ஒரே தடவை சீட்டுப் போட்டு வீடுகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ள ஊரைச் சம்மதிக்க வைத்தார். அந்தப் பாடு வழக்கத்தைப் பற்றி அன்றைக்கு அவர் எனக்கு இன்னொன்றும் சொன்னார். யாராவது தன் முறையை விட்டுக்கொடுத்தால், அந்த முறையில் வலை கட்டுகிறவன் முதல் கூடை மீனை, முறையை விட்டவன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். யாரும் போய்க் கேட்க மாட்டார்கள், தானாக வந்துவிடும் என்றார். "இன்னா ஒரு ஒழுங்கு பாரும்மா" என்று வியந்துகொண்டே போனார்.

அந்தச் சீட்டில் அதே ஊரில் இருந்த குப்பம்மாவின் பெயர் இல்லை. புருஷன் முகத்துவாரத்தில் மூழ்கிப் போனவன். இரண்டும் பெண் குழந்தைகள். பாடு ஆண்களுக்கு மட்டும்தான், மீனவர் சங்கத்திலும் ஆண்கள் மட்டும்தான். குப்பம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். அவளை மீனவர் இல்லையென்று எங்கள் காகிதம் சொன்னது. புருஷன் பெயரிலிருந்து மாற்றிய மனைப் பட்டா மட்டும் கையில் இருந்தது. ஊர் முழுக்க ஓட்டு வீடு எழும்பிக்கொண்டிருக்க, அவள் மூன்று பக்கச் சுவர் போன குடிசையில் பிள்ளைகளோடு இருந்தாள். மழைக் காலத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. அவளுக்கு மிஞ்சியது மூன்றாவது வழி. அதற்கு ஒரு அரசு ஊழியரின் கையெழுத்து வேண்டும்.

பாய் அதை என்னிடம்தான் முதலில் கேட்டார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, ஜாமீன் படிவத்தை மேஜையில் வைத்தார். "நீ போடறியாம்மா? நீ ஆபீஸ் வரிசைல எனக்குப் பின்னால இருக்க, சர்வீஸும் நெறைய பாக்கி இருக்கு, உனக்கு நஷ்டம் கம்மி. அந்தப் பதினொண்ணாவது விதில இன்னா இருக்குன்னா..." அவரை நான் முடிக்க விடவில்லை. நானே இதெல்லாம் புரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன், கையெழுத்து வேறு போட்டு மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று கத்தினேன். "எனக்குப் புரியவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பாடு ஆறிடப் போவுது, சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாமீன் கையெழுத்தை அவரே போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மழைக்கு முன் குப்பம்மாவுக்குச் சுவர் எழும்பிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஊழியர்களுக்கு என்று வருஷத்துக்கு ஒரே ஒரு வீட்டுக் கடன் எங்கள் அலுவலகத்துக்கு வரும். பணிமூப்புப்படி அது இஸ்மாயில் பாய்க்குப் போக வேண்டியது. இஸ்மாயில் வேண்டாம் என்றுவிட்டார், அடுத்த பெயர் நீதான் என்றார் அதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மனை சும்மா கிடந்தது. பாய் ஏன் வேண்டாம் என்றார் என்று நான் அதிகாரியிடமும் கேட்கவில்லை, பாயிடமும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று பயந்தேன். இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். வாசல் கதவை இரண்டு தடவை திறந்து சாத்தி, "நல்லா சாத்துது" என்று திருப்தியாகச் சொன்னார். அவர் கடைசிவரை பழவேற்காட்டில் ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தார். வாங்கிப் போட்டிருந்த மனையையும் மகள் கல்யாணத்துக்கு விற்றுவிட்டார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களே, இவ்வளவு சோம்பேறித்தனம் ஆகாது பாய் என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். "முறை வரும்மா" என்று சிரிப்பார். வருஷா வருஷம் இறால் காலத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கூடை வரும். அதில் பாதியை அலுவலகத்துக்குக் கொண்டு வந்து பங்கு போடுவார். யார் கொடுத்தது, லஞ்சமா என்று சீண்டிக்கொண்டே என் பங்கை முதல் ஆளாக வாங்கிக்கொள்வேன்.

பாய் இறந்த அன்று, பழவேற்காட்டில் அவர் மையித்தை எடுத்துப் போன பிறகு வீட்டுக்குள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். குப்பம்மா மகளோடு தோணியில் வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"போன வருசம்தாம்மா என் கடன் தீந்துது. பத்திரம் கைக்கு வந்ததும் நேரா இங்கதான் எடுத்தாந்தேன். என் கடன் தீர்ற வரைக்கும் அவரு வூட்டுக் கடன் வாங்கக் கூடாதாமே. கையெழுத்து போடறன்னிக்கே சொல்லிட்டாரு. உன்து முடியட்டும், அப்புறம் என் முறை வரும்னாரு. என்து முடியறதுக்குள்ள அவருக்கு வேலையே முடிஞ்சி போச்சு."

வருஷா வருஷம் அந்தக் கூடை உன் வீட்டிலிருந்தா வந்தது என்று கேட்டேன். "அவரு முறைய எனக்கு வுட்டாரு. எங்க ஊரு வழக்கம் அது" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கட்டுகளைப் பிரித்து அந்த விதிகளைத் தேடி எடுத்தேன். பதினொன்றாவது: "ஜாமீன் கையெழுத்திட்ட அரசு ஊழியர், அக்கடன் முழுவதும் தீரும் வரை, வேறெந்த வீட்டுக் கடனும் பெறத் தகுதியற்றவராவார்." என் மெஷினில் 'ற' எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்த வரியிலும் அப்படித்தான் நிற்கிறது. அதை நகலெடுக்க ஸ்டென்சில் அடித்துக் கொடுத்தவள் நான்தான். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷமும் ஒரு சாவும் வேண்டியிருந்தது.

நான் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வருஷமே அவருக்கு வீடு வந்திருக்கும். குப்பம்மாவுக்கும் வந்திருக்கும், அவள் கடன் தீர்ந்ததும் எனக்கும் வந்திருக்கும். இவ்வளவு நேரான கணக்கு ஏன் எனக்கு அன்று தெரியவில்லை? சிரித்துக்கொண்டே என் கதவைச் சாத்திப் பார்த்தாரே, அப்போது அவர் மனதில் என்ன இருந்தது? கோபமே இல்லாமல் ஒரு மனிதரால் அப்படி இருக்க முடியுமா? எவ்வளவு யோசித்தும் எனக்கு இது புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதில் அவமானம் இல்லை என்றவர் அவர்தான், அதனால் சொல்லிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வீடு. இதை எழுதுகிற அறை, நன்றாகச் சாத்துகிற அந்த வாசல் கதவு, எல்லாம் இஸ்மாயில் பாயின் முறையில் எனக்கு வந்தது. இறால் தடவிப் பிழைத்தவள் வருஷம் தவறாமல் அவருக்குக் கூடை அனுப்பினாள். அந்தக் கூடையிலும் பங்கு வாங்கித் தின்ற நான், அவருக்கு ஒன்றும் அனுப்பவில்லை.