மூச்சு விட்ட போர்க்குழி

உச்சிவெயிலில் மண்டி போட்டு, குழியின் வாயருகே கன்னத்தை வைத்தால் ஜில்லென்று ஒரு காற்று வரும்... மழையில் நனைந்த பழைய சுவரின் வாசனையோடு. சுற்றிலும் கரிசல் மண் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். கீழேயிருந்து மட்டும் அந்தக் குளிர்ச்சி. இதை எழுதும்போதும் எனக்குக் கன்னம் கூசுகிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் வேலை. கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய் தண்ணீர் சேமிப்பு பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சங்கரன்கோவிலில் டவுன் பஸ் ஏறி, திருவேங்கடம் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். கையில் சார்ட் பேப்பர், வாயில் ஓயாத பேச்சு... எல்லாம் தெரிந்த ஆள் என்ற நினைப்பு வேறு!

சார்ட்டைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அதைவிட மோசம்.

"மழை பெஞ்சாத்தானே டீச்சர் சேமிக்கதுக்கு?" என்று ஒரு அண்ணாச்சி எழுந்து கேட்க, கூட்டமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் மறுவாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மானாவாரிக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். சண்முகத்தாய் என்ற பெண்ணின் குடும்பத்து நிலம் அது. தண்ணீர் வராமல் கைவிட்ட போர்வெல் ஒன்று அங்கே இருந்தது. உள்ளே இறக்கியிருந்த கேசிங் பைப்பையும் உருவி எடுத்துவிட்டார்கள். வெறும் குழி. மேலே ஒரு சாக்கு, அதன் மேல் உடைந்த ஆட்டுரல் கல். நானும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுமாகக் கல்லை உருட்டித் தள்ளினோம்.

குழிக்குள் ஒரு சரளைக்கல்லைப் போட்டு, எண்ணச் சொன்னேன்.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

பத்து வரை எண்ணியும் தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா? பூமி எவ்வளவு தாகத்தோட கெடக்கு!" என்றேன். பிள்ளைகள் முகம் வாடிப்போனது. ஆகா, பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வியாழக்கிழமை போனால், மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குழி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பாட்டிலில் மிச்சம் வைத்த குடிதண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாக உள்ளே ஊற்றுகிறார்கள்.

"இது மூச்சு விடுது மிஸ். காலைல உள்ள இழுக்கும். மத்தியானம் வெளிய விடும். பாவம்லா?"

ஒருத்தி சாக்கு நூல் ஒன்றைக் குழிக்கு மேலே பிடித்துக் காட்டினாள். காட்டில் காற்றே இல்லை. நூல் மட்டும் மேல்நோக்கி ஆடியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்த்த கழுதை அன்றைக்கே அதை அடைத்திருக்க வேண்டுமா இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா... ரிப்போர்ட்டுக்கு நல்ல படம் என்று போட்டோ எடுத்தேன். "போகும்போது மூடிருங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கல் நல்ல கனம். பிள்ளைகள் வெறும் சாக்கை மட்டும் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அதற்கடுத்த வியாழன். மணி இரண்டு இருக்கும். களை வெட்டிக்கொண்டிருந்த சண்முகத்தாய் அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"எம் பிள்ளையக் காணல டீச்சர்!"

அவள் மகள் கோமதி. நாலு வயது. அங்கன்வாடியிலிருந்து நழுவியிருக்கிறாள். எல்லோரும் குழிக்கு ஓடினோம்.

சாக்கின் ஒரு முனை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோமதியின் சின்ன ரோஸ் கலர் பாட்டில், மூடி திறந்து காலியாகக் கிடந்தது. பெரிய பிள்ளைகளைப் பார்த்து அவளும் தண்ணீர் கொடுக்க வந்திருக்கிறாள்.

சண்முகத்தாய் குப்புற விழுந்து குழிக்குள் கத்தினாள்.

"ஏட்டி கோமதீ!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து...

"ம்ம்..."

சத்தியமாக நானும் கேட்டேன். நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

"பயப்படாத தாயி, அம்மா இங்கனதான் இருக்கேன்."

"ம்ம்..."

"கைய கால அசைக்காம இரி. மாமா எல்லாம் வாராவ."

"ம்ம்..."

தீயணைப்பு வண்டி சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அது உம் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் தள்ளி நின்றிருந்தேன். ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, கிழக்கேயிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தார். தோளில் ஒரு குழந்தை, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"இது யாரு வீட்டுப் பிள்ளைவே? உடைமர நெழல்ல என் ஆட்டுக்குட்டிகளோட படுத்து ஒறங்கிக்கிட்டு கெடக்கா!"

கோமதி!

ஊரே சிரித்தது, அழுதது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சண்முகத்தாய் பிள்ளையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆனால் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"அப்ப... இவ்வளவு நேரமும் எனக்கு உம் கொட்டுனது யாரு?"

சிரிப்பு அப்படியே நின்றது. சாயங்காலத்துக்குள் குழியைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது நான் ஏசி ஹாலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆழ்துளைக் குழிகள் ஏன் மூச்சு விடும் என்பதும் தெரியும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறினால் உள்ளே இழுக்கும், இறங்கினால் வெளியே தள்ளும். வாயில் வைத்து ஊதிய பாட்டில் மாதிரி குழி முனகும். அவ்வளவுதான் விஷயம்.

போன வருடம் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சண்முகத்தாயைப் பார்த்தேன். கோமதி காலேஜ் போகிறாளாம். எத்தனையோ வருடம் மனதில் கிடந்ததை, அந்தக் காற்று விளக்கத்தை, அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"காத்துன்னு மகளும் படிச்சுட்டு வந்து சொன்னா டீச்சர். சரிதான். ஆனா இப்பவும் அந்தப் பக்கம் களை வெட்டப் போனா நான் வாயே தொறக்க மாட்டேன். என் குரலக் கேட்டா... அம்மா வந்துட்டான்னு நெனச்சுக்கிடும்லா?"

இருபத்து மூன்று வயதில் என்றால் அங்கேயே உட்கார வைத்து, பேப்பரில் படம் போட்டு விளக்கியிருப்பேன். அந்தத் தைரியமெல்லாம் எங்கே போனதோ... அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.