கும்பிடு போட்ட சைக்கிள்

யுத்த காலத்தில் அண்ணன் பட்டாளத்தில் சேரக் கடலூருக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. அவன் விட்டுச் சென்ற சொத்து ஒரு சைக்கிள். பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து அவனே கோத்தது. ஆனால் ஹேண்டில்பார் கொஞ்சம் ஒல்லி. அதைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில் எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. அழுத்தினால் கீழே சுழன்றுவிடும்.

புவனகிரியிலிருந்து சிதம்பரம் ஜவுளிக்கடைக்கு அப்பா அதில்தான் வேலைக்குப் போனார். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில்பாரோடு அவரும் குனிவார். எதிரே வருகிற கழுதைக்குக்கூடக் கும்பிடு போடுகிறார் என்று தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான்.

ஒருநாள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு தகரத் துண்டு வைத்து முடுக்கினால் நின்றுவிடுமாமே, சைக்கிள் கடையில் கொடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். ஆனால் அதை யாரும் தொட வேண்டாம், வந்து நானே சரிசெய்கிறேன் என்று அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவான்.

"பெரியவன் வந்து பாத்துக்குவான், வுடு" என்பார் அப்பா.

கடிதம் நின்றுபோன பிறகும் அதையேதான் சொன்னார். அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அது ஆடிக்கொண்டே இருக்கட்டும் என்று அவளுக்கும் தோன்றிவிட்டது போலும்.

ஒரு மாலை தெருமுனையில் அப்பா என்னை முன்கம்பியில் ஏற்றிக்கொண்டார். வழக்கம்போல் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை அமுக்கினேன். அசையவில்லை. கழுத்தோரத்தில் புதுத் தகரம் எட்டிப் பார்த்தது. வாசலில் குதித்து அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, ஹேண்டில்பாரு இப்ப ஆடவே இல்ல. அப்பா தகரம் வச்சிட்டாரு."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, என்னைத் தாண்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஜவுளிக்கடை விலாசத்துக்கு மதியமே தந்தி வந்திருக்கிறது. அண்ணன் இனி வரமாட்டான் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்பா சைக்கிள் கடைக்குப் போயிருக்கிறார். சொல்கிற வேலையை நான் செய்துவிட்டேன்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அண்ணன் பேச்சை மீறிவிட்டாரே என்றுதான் அம்மா அழுகிறாள் என நினைத்தேன். அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்காகப் பரிந்து பேசினேன்.

"அழாதம்மா. அண்ணன் வந்ததும் தகரத்த எடுத்துடலாம்."