இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

போன வாரம் மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு பண்டல் கடைக்குள் நுழைந்தேன். பழைய துணி விற்கும் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கல்லூரி விருந்துக்காக என் பேரன் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றான். "தாத்தா, கை நீளமா இருக்கு. தைக்கக் குடுத்தா சரியாயிடுமா?" நான் கையைப் பார்க்கவில்லை. தோள்பட்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தோளு சரியா இருக்கு, வாங்கு" என்றேன். இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து மலாக்காவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதும் கிராணி. பக்கத்து மேசையில் நடராஜா, கம்போங் செட்டி என்ற பழைய செட்டிமார் குடியிருப்புக்காரன். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அவர்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். அதனால் எங்கள் நட்பு மலாயில்தான் வளர்ந்தது. அவர்கள் பேச்சை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன். அவனுடைய அக்கா மீனாட்சி வீட்டிலேயே கெபாயா என்ற பெண்கள் மேல்சட்டை தைப்பார். மலாயில் அக்காவுக்குக் 'காக்காக்' என்று சொல்ல வேண்டும். என் தோட்டத்து நாக்கு அதைப் பறக்கும் காக்கா ஆக்கிவிடும். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏற, அரசாங்க அலுவலகங்களில் உள்ளூர் ஆட்களைத் தேடினார்கள். எங்கள் இருவருக்கும் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. ஒரே வேலை, ஒரே நாள். அவனுக்கு ஒன்பது மணி, எனக்குப் பத்து. கோட்டு போட்டு வரச் சொல்லிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் கோட்டில்லாமல் போனால் காவல்காரனே விரட்டிவிடுவான் என்று நாங்களாக நம்பினோம். ஆளுக்கொரு கோட்டு வாங்க வசதியில்லை. இருவரும் சேர்ந்து ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று.

ஊர் திரும்பும் துரைமார்கள் விற்றுவிட்டுப் போன துணிகளை ஒரு சீனர் கடை நிறைய மாட்டி வைத்திருந்தார். ஒரே அந்துருண்டை வாடை. பொன்னிறப் பொத்தான் வைத்த நீலக் கோட்டைப் பார்த்ததுமே நான் மயங்கிவிட்டேன். துணைக்கு வந்திருந்த அக்கா அதன் தோளை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"தொங்குது. தோளு தப்புனா மொத்தக் கோட்டையும் பிரிக்கணும். அதுக்குப் புதுசே தைக்கலாம்."

அடுத்து ஒரு சாம்பல் நிற சூட்டை எடுத்து உட்புறத்தைத் திருப்பினார். தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் மாட்டிப் பார்த்தார். நான் மூங்கில், அவன் மத்தளம். ஆனால் தோள் மட்டும் என்ன அதிசயமோ, இருவருக்கும் பொருந்தியது.

"இடுப்பு, கை, சிலுவாரு நீளம், இதெல்லாம் தையலுக்கு அடங்கும். இத வாங்குங்க" என்றார். சிலுவார் என்றால் கால்சட்டை.

தேர்வன்று அக்கா நூலும் கத்தரியுமாக அலுவலகத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நடராஜாவுக்காகச் சிலுவாரின் காலை மடித்து ஓட்டுத் தையல் போட்டிருந்தார். அவன் வெளியே வந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் ஓடி உடை மாற்றிக்கொண்டோம். அக்கா மடிப்பைப் பிரித்து, கோட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்தார். "ஆடாத!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். அந்த அவசரத்தில் முதுகுப் பக்கம் ஒரு குண்டூசி தங்கிவிட்டது.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு மலாய்க்கார அதிகாரி. சாய்ந்தால் குத்தும் என்பதால் நான் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரருக்கு அது பிடித்துப்போனது. மலாய்க்காரரோ என் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் கோட்டு இப்பதானே உள்ள வந்துட்டுப் போச்சு?"

"ஆமா துவான். கோட்டு அதேதான், ஆளு வேற."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்புறம் மலாய்க்காரர் கேட்டார்: "வேலையும் ஒண்ணுதானே இருக்கு. உங்க ரெண்டு பேருல யாருக்குக் குடுக்கலாம்?"

எனக்கு என்று சொல்லத்தான் போனேன். "மலாய்க் கடிதம் எழுதறதுல நடராஜா என்னைவிடக் கெட்டிக்காரன், துவான்" என்று வந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. குண்டூசியின் வேலை என்று பின்னாளில் சொல்லிச் சமாளிப்பேன்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு நான்கு நாள் அவர்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை, பொறாமைதான், வேறென்ன? ஐந்தாம் நாள் அக்கா சூட்டைக் கையில் போட்டுக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"வேலை அவனுக்கு, சூட்டு ஒனக்கு. மெஷின்ல தச்சுட்டேன். இனிமே அவன் வயிறு இதுல நுழையாது."

வேலியோரம் ஒளிந்து நின்ற நடராஜா கத்தினான்: "ஊசி இருக்கான்னு பாத்துட்டுப் போடு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறாமை அதோடு சரி. இரண்டு மாதம் கழித்து இன்னோர் அலுவலகத்தில், அதே சூட்டில் போய் எனக்கும் வேலை வாங்கினேன்.

முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மூவரும் பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் போனோம். கொளுத்தும் வெயிலில் நான் முழு சூட்டில். ஓர் அலை முழங்கால் வரை நனைத்துவிட, அக்கா தலையில் அடித்துக்கொண்டு என் சிலுவாரைப் பிழியத் தொடங்கினார். நடராஜா மணலில் உட்கார்ந்து, மூச்சு முட்டும்வரை சிரித்தான்.

அக்கா போய்விட்டார். நடராஜாவும் போய்விட்டான். அந்தக் கடற்கரையும் இல்லை. மண்ணைக் கொட்டித் தூர்த்துக் கடைகளை எழுப்பிவிட்டார்கள். கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. நாங்கள் சிரித்த இடத்தை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒரு பேரங்காடியின் நடுவில் கூட்டிப்போய் நிறுத்தி, இங்கேதான் அலை அடித்தது என்று சொல்ல வேண்டும்.