வெடிமருந்துக்கு ஆயிரத்து அறுநூறு புள்ளி

செல்லசாமி இரண்டு தடவை உள்ளே போனவன். முதல் தடவை பன்னிரண்டு நாள், இரண்டாவது தடவை பத்தொன்பது மாதம். முதலாவதுக்கு ஒரு சீ.ஆர். நோட்டுக் கொப்பி காரணம். இரண்டாவதுக்கு நான் காரணம். என் பெயர் சோலைமலை. ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் என்னை நல்ல மனிதன் என்பார்கள். அதை நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

அவன் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தகப்பன் இல்லை. தாய் அழகம்மா கொழுந்து பறித்துத்தான் அவனை ஏ.எல். என்கிற உயர்தரம் வரை படிக்க வைத்தாள். அவன் கணக்கில் புலி, ஆனால் படித்த பள்ளிக்கூடத்தில் ஏ.எல். கணக்குக்கு வாத்தியார் இல்லாததால் கலைப் பிரிவில் உட்கார்ந்து வரலாறும் இந்து நாகரிகமும் எழுதினான். 2003இல் என்னிடம் வேலைக்கு வந்தான். விண்ணப்பம் டைப் அடிப்பான், போட்டோ கொப்பி எடுப்பான். அவனிடம் ஒரு வியாதி இருந்தது: கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவான். "இந்த மெஷின் நல்லா அடிக்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "இல்லீங்க, எழுத்து மங்கலா வரும், எதுத்த கடைக்குப் போங்க" என்பான். இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தேன். இப்படி ஒருவனை எங்கே தேடுவது என்று பிறகு விட்டுவிட்டேன்.

கடைக்கு மேல் அறையில் கஜதீபன் சேர் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏ.எல். கணக்குப் படிப்பித்தார். பின்னேரம் ஐந்தரைக்கு நான் கடைக் கதவைப் பாதி இறக்கியதும் கீழே வருவார். மூன்றாவது கம்பியூட்டரில் அவரும் செல்லசாமியும் ஏழு மணி வரை ஒரு விளையாட்டு ஆடுவார்கள். சுடுகிற, குதிக்கிற விளையாட்டு இல்லை. ஆளுக்கொரு நாடு. ஒருவர் தன் முறையை ஆடி முடித்துவிட்டுக் கதிரையை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். கற்காலத்தில் தொடங்கி, ஒவ்வொரு கண்டுபிடிப்பாகச் செய்து, கடைசியில் ரொக்கெட் விட வேண்டும்.

கண்டுபிடிப்பு சும்மா வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நாட்டில் பள்ளிக்கூடமும் நூலகமும் கட்டினால் ஒவ்வொரு முறையும் அறிவுப் புள்ளி சேரும். விலை நிரம்பியதும் அந்தக் கண்டுபிடிப்பு கைக்கு வரும். முதலாவது கண்டுபிடிப்புக்கு ஐம்பது புள்ளி, இரண்டாவதுக்கு நூறு, மூன்றாவதுக்கு நூற்றைம்பது. வரிசையில் பதினாறாவது வெடிமருந்து, அதற்கு எண்ணூறு. மேலே போகப் போக விலை ஏறும். பாதியில் மனம் மாறி வேறொன்றுக்குத் தாவினால் சேர்த்த புள்ளி அத்தனையும் தண்ணீரில் போட்டதுதான். ஒரேயொரு சலுகை உண்டு. மற்ற நாட்டுக்கு நீங்கள் தூதுவர் அனுப்பியிருந்து, அந்த நாடு ஒரு கண்டுபிடிப்பை முன்பே செய்திருந்தால், உங்களுக்கு விலையில் கால்வாசி குறையும். தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் படிப்பது சுலபம் என்ற நியாயம்.

ஒரு நாள் சேருக்கு அலுத்துவிட்டது. "என்ன ஐசே, ஒரு கிழமைக்குள்ள ரொக்கெட் விடுறம்? இரும்பை உருக்கவே மனுசனுக்கு எத்தினை ஆயிரம் வருசம் எடுத்தது? இது சரிவராது" என்று விளையாட்டின் உள்ளே இருந்த ஒரு கோப்பைத் திறந்தார். அதில் ஐம்பது என்று இருந்ததை அழித்து நூறு என்று அடித்தார். அவ்வளவுதான், எல்லா விலையும் இரட்டிப்பாகிவிட்டது. வெடிமருந்து ஆயிரத்து அறுநூறு. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மெஷினப் பழுதாக்கிப்புடாதீங்க சேர்" என்று முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது.

விலை ஏறியதும் செல்லசாமிக்குத் திட்டம் தேவைப்பட்டது. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதினான். முதல் வரிசையில் கண்டுபிடிப்பின் பெயர், எல்லாம் அழகான தமிழில். இரண்டாவதில் விலை. மூன்றாவதில், கஜதீபன் என்ற பெயரைச் சுருக்கி, 'கஜன் சேருக்குத் தெரியும்' என்று தலைப்புப் போட்டு, அவர் செய்து முடித்தவற்றுக்கு எதிரே ஒரு சரி அடையாளம். நாலாவதில் குறைந்த விலை. சனி ஞாயிறு வீட்டுக்குப் போகும்போது கொப்பியையும் எடுத்துப்போவான். தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவான்.

சண்டை திரும்பவும் மூண்டிருந்த 2006 கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, டயகமவிலிருந்து வந்த பஸ்ஸைப் பொலிஸார் வழியில் மறித்துச் சோதித்தார்கள். தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரனாக இருந்த காலம். அடையாள அட்டை சரியாக இருந்தது. பையில் கொப்பி இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தைப் புரட்டினான். வெடிமருந்து, ஆயிரத்து அறுநூறு, கஜன் சேருக்குத் தெரியும், ஆயிரத்து இருநூறு. அதற்குக் கீழே பீரங்கி. பக்கத்தின் அடியில் ரொக்கெட்.

அன்று அதிகாரி ஒருவர் செல்லசாமியை விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை, பால் போடாத பிளேன்டி கொடுத்துத்தான் கேட்டாராம். பேச்சு சிங்களத்தில் நடந்தது. செல்லசாமி எனக்குப் பிறகு சொன்னது இது.

"ஆயிரத்து அறுநூறு எப்படி ஆயிரத்து இருநூறு ஆனது?"

"கஜன் சேருக்கு அது ஏற்கெனவே தெரியும் சேர். அதனால எனக்குக் குறையுது."

"அவனுக்குத் தெரிந்தால் உனக்குச் சுலபமா?"

"ஆமா சேர். அதுதான் சட்டம்."

"யாருடைய சட்டம்?"

"விளையாட்டோட சட்டம் சேர். கடையில மூணாவது கம்பியூட்டர்ல இருக்கு. வந்து பாருங்க, காட்டுறேன்."

அதிகாரி பாதி நம்பிவிட்டார். நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். இதுவரை நடந்ததில் யார் மேலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கோபமெல்லாம் அடுத்துச் சொல்லப்போகும் ஆள் மேல்தான்.

அதே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே அந்த பஸ்ஸின் கொண்டக்டர் வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னார். செல்லசாமியைப் பிடித்துவிட்டார்கள், கொப்பியில் வெடிகுண்டுக் கணக்காம். கடைக் கதவை முழுவதும் இறக்கினேன். என் கடையில், என் மெஷினில், ரொக்கெட் விடுகிற விளையாட்டு. யாழ்ப்பாணத்து ஆள் வேறு மேலே குடியிருக்கிறார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது கம்பியூட்டரை முழுவதுமாகத் துடைத்துவிட்டேன். விளையாட்டு, அவர்கள் சேமித்து வைத்த ஆட்டம், நூறு என்று மாற்றிய கோப்பு, எல்லாம் போனது. மதியம் நிம்மதியாகச் சோறு தின்றேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும் என்பார்களே, என் விஷயத்தில் பிள்ளையார்கூட நோக்கத்தில் இல்லை. என் தோலைக் காப்பாற்றுவது ஒன்றுதான் நோக்கம்.

மறுநாள் அதிகாரி நாலு பேரோடு வந்தார். மூன்றாவது மெஷினைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "இதில் விளையாட்டு ஏதும் இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார்.

"விளையாட்டா? இது தொழில் செய்ற இடம் மாத்தையா" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வாக்குமூலம் எழுதினார்கள், சிங்களத்தில். செல்லசாமிக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் கையெழுத்து வைத்தான். அன்று மத்தியானமே கஜதீபன் சேரை மேல் அறையிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். படியில் இறங்கும்போது, "அண்ணை, நாளைக்குப் பிள்ளையளுக்குப் பரீட்சை இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார். நான் சொல்லவில்லை.

செல்லசாமிக்காகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூக்கன் போய்ப் பேசினார். சாட்சிக்காரன் என்று பன்னிரண்டாம் நாள் அவனை விட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்காகப் பேச ஹட்டனில் யாரும் போகவில்லை. அவரைத் தடுப்புக் காவலில் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே வந்தவன் நேரே கடைக்கு வந்தான். மூன்றாவது மெஷினைப் போட்டான். தேடினான்.

"அழிச்சிட்டீங்களாண்ணே?"

"பயந்துட்டேன்டா."

எழுந்து, வரிசையில் நின்ற ஒரு கிழவிக்கு அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருடம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. நானாகப் பேசுவேனா?

2008 ஆடியில் சேருடைய அம்மா சிவனேஸ்வரி, சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய் ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கையில் வாக்குமூலத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தது. செல்லசாமியிடம் நீட்டினார்.

"தம்பி, இதில எது பொய் எண்டு சொல்லும். அந்த வரியை வெட்டுவிக்கலாம் எண்டு லோயர் சொல்லுறார்."

செல்லசாமி சத்தமாக வாசித்தான். 'வெடிமருந்து கஜதீபனுக்கு எனக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரிந்திருந்ததால் எனக்கு அது சுலபமாயிற்று. அதன் பின் பீரங்கியும் கடைசியாக ரொக்கெட்டும் செய்ய இருந்தேன். இருவரும் முறை வைத்து மாலை வேளைகளில் ஈடுபட்டோம்.' இரண்டு தடவை வாசித்தான். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தான்.

"ஒரு வரியும் பொய் இல்லீங்கம்மா. எல்லாம் நான் சொன்னதுதான். வெளையாட்டுங்கிற வார்த்தைய மட்டும் காணோம்."

அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சட்டத்தரணி, சேரிடம் பெயரைக் கேட்டு, கொழும்பிலிருந்து அதே விளையாட்டின் சீ.டி. கொண்டு வந்திருந்தார். மூன்றாவது மெஷினில் ஏற்றி, வழக்குக் கோப்பில் இருந்த கொப்பியின் பிரதியைப் பக்கத்தில் வைத்தோம். திரையில் வெடிமருந்து எண்ணூறு, கொப்பியில் ஆயிரத்து அறுநூறு. பீரங்கியும் பாதி. ரொக்கெட்டும் பாதி. சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார். செல்லசாமி, ஐம்பது நூறான கதையைச் சொன்னான்.

"இப்பவே மாத்திக் காட்டவாங்க? சரியா வரும்."

"இப்ப மாத்தினா நாங்க செஞ்ச பொய் எண்டு சொல்லுவாங்க" என்றார் சட்டத்தரணி. "எல்லா வரியும் சரியாப் பாதி எண்டது நல்ல விசயம்தான். ஆனா அப்ப மாத்தினதைக் கண்ட ஆள் ஒருத்தர் சத்தியம் செய்யோணும். நீர் சத்தியக்கடதாசி குடுக்கலாம். ஆனா முதல் வாக்குமூலத்தை மாத்துற ஆள் எண்டு உம்மைத் திரும்பவும் பிடிப்பாங்க. வழக்கிலயும் அதுக்குப் பெறுமதி குறைவு. வேற ஒரு ஆள், இதில சம்பந்தப்படாத ஆள், நான் கண்டனான் எண்டு சொன்னா நீதவான் நம்புவார். ரெண்டு பேரும் தப்பலாம்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்லசாமியின் சத்தியக்கடதாசியை நீதிமன்றம் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு கிழமையில் அவனைப் பிடித்தார்கள். பத்தொன்பது மாதம். அவன் உள்ளே இருக்கும்போது அழகம்மா செத்தாள். கொள்ளி வைக்க அவனை விடவில்லை. கஜதீபன் சேர் 2011இல்தான் வெளியே வந்தார். இடது காது கேட்காது, கண் பார்வையும் மங்கல். வெளிநாடு போய்விட்டாராம். செல்லசாமி இப்போது ராகலையில் மரக்கறி மூட்டை தூக்குகிறான். என் கடையில் இப்போது பன்னிரண்டு மெஷின் இருக்கிறது.

அன்று சட்டத்தரணி இதையெல்லாம் சொன்னபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். நாலு கிளாஸ். நானும் பார்த்தேன் என்று சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது, அது சத்தியம். சொன்னால் அழித்ததையும் சொல்ல வேண்டும். அதிகாரியிடம் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். கிளாஸை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். "உங்களுக்கும் எங்களால கரைச்சல், தம்பி" என்றார்.

சட்டத்தரணி பேப்பரை விரித்து, செல்லசாமியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சேர் அந்த இலக்கத்தை மாத்தேக்க உங்கள் ரெண்டு பேரையும் தவிர வேற ஆரும் பக்கத்தில நிண்டவையோ? நல்லா யோசிச்சுச் சொல்லும்."

செல்லசாமி யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான்."

அது நன்றியா, இரக்கமா, இல்லை இவ்வளவுதான் இந்த ஆள் என்று என்னை அளந்து முடித்துவிட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டத்தரணி அவனிடம், "அப்ப நீர் மட்டும்தான். யோசிச்சுத்தானே போடுறீர்?" என்று இன்னொரு தடவை கேட்டார். "போடுறேங்க" என்றான். அவர் தன் பையில் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, செல்லசாமியிடம் கொடுத்தேன்.